கத்திக்கு மூடி

விசில்கள் செவ்வாய்க்கிழமை வந்தன,
ஓர் அட்டைப்பெட்டி நிறைய.
ஆரஞ்சு நிறம். மேலே கம்பெனியின் சால்மன் மீன் முத்திரை.
பெண்களுக்கு மட்டும். ஆளுக்கு ஒன்று. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

பெண்கள் உடைமாற்றும் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்:
தனியே நடக்க வேண்டாம்.
இரவு ஷிப்ட் முடிந்தால் குழுவாகச் செல்லவும்.
காதில் பாட்டு வேண்டாம்.
படகுத்துறைக் குறுக்குவழி வேண்டாம்.
விசில் எப்போதும் கழுத்தில் இருக்கட்டும்.
ஆபத்து என்றால் உங்கள் மேற்பார்வையாளரை அணுகவும்.

ஆண்கள் அறைக் கதவில்
போன வருஷக் கால்பந்து அட்டவணை அப்படியே இருந்தது.

நான் இங்கே மெக்கானிக்.
சிலோயே தீவின் தென்முனை, கெயோன்;
மழை பெய்தது என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை.
பதினான்கு வருஷமாக மீன் அறுக்கும் கத்திகளோடு புழங்குகிறேன்.
எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதிலிருந்து சொல்கிறேன்.

மூன்றாம் வரிசையில் நெல்சன் மில்லாலோன்கோவின் சுட்டுவிரல் போனபோது
கம்பெனி கேட்டுப் பார்த்தது:
கவனம் எங்கே போயிற்று, கையுறை எந்த வகை,
முந்தின இரவு குடித்தானா.
புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அம்மா
பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:
"வேலை செய்கிற இடத்தில் விரல் இருக்கத்தான் செய்யும்.
கத்தி ஏன் திறந்து கிடந்தது?"

அன்று ராத்திரியே தகடு வெட்டி மூடி செய்தேன்.
திறந்தால் தானே நிற்கும் மூடி.
வரிசை நெடுக, கையெட்டும் தூரத்தில், சிவப்புப் பொத்தான்கள்;
தப்பாகப் படுவதைப் பார்த்த யாரும் அழுத்தலாம்,
அனுமதி கேட்க வேண்டியதில்லை.

விரலுக்கு யாரும் விசில் தரவில்லை.

யஸ்னா சிகுவாய், பாக்கிங் பிரிவு.
அவள் குறுக்குவழியில் போகவில்லை. காதில் பாட்டும் இல்லை.
குழுவாகத்தான் கிளம்பினாள்.
ஒவ்வொருத்தியும் தன் தெருவில் இறங்க
வேனில் மிஞ்சியது அவளும், ஓட்டிய எலாதியோவும்.
எங்கள் மேற்பார்வையாளன்.
ஆறாம் விதி.

இதையெல்லாம் வெளியாள் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
வெளியாள் இல்லை.
அன்று விடிகாலை மூன்று நாற்பதுக்கு
பாய்லர் கூரைக்கடியில் ஒரே தீக்குச்சியில்
நானும் அவனும் சிகரெட் பற்றவைத்தோம்.
வேன் சாவியை விரலில் சுழற்றியபடி
அவளைப் பற்றி ஒன்று சொன்னான்.
இங்கே எழுத மாட்டேன்.
நின்றிருந்த நாலு பேரும் சிரித்தோம்.
என்னுடையது பெரிய சிரிப்பில்லை,
மூக்கு வழியாகப் போகிற வகை.
அவனுக்கு அது போதுமாயிருந்தது.

பொத்தான் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பதினேழு நாள் கழித்து அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நடந்தேன்.
இரண்டு விரலால் தட்டச்சு செய்தாள் அங்கிருந்தவள்.
சிரித்தேன் என்பதையும் போடுங்கள் என்றேன்.
அது வழக்குக்குத் தேவையில்லை என்றாள்.
போடுங்கள் என்றேன்.

யஸ்னா வேலைக்குத் திரும்பிய வாரம்
ஐஸ் கிடங்கு வாசலில் ஒதுங்கி நின்று
நான் சாட்சி சொல்லிவிட்டதைச் சொன்னேன்.
"பதினேழு நாள்," என்றாள்.
பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

விசில்கள் ஒவ்வொன்றாக
மேலாளர் அறைக் கைப்பிடியில் வந்து தொங்குகின்றன.
கடற்காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன.
அவரும் அவற்றை எடுப்பதில்லை,
கதவை முழங்கையால் தள்ளித் திறக்கிறார்.

நேற்று உடைமாற்றும் அறையில், புதிதாய் வந்த பையன்
ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தான்.
பூட்ஸைக் கீழே வைத்தேன்.
நிறுத்து, என்றேன்.

வரிசை நின்றுபோன மாதிரி இருந்தது.
நெல்சன் ஒன்பது விரலால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்,
தலை நிமிரவில்லை.
எனக்குக் கை நடுங்கியது,
இந்த வயதில்,
இவ்வளவு சின்ன வேலைக்கு.