ஏழு தண்ணி

இரவு இரண்டே கால்.
கூலர் லொறியொன்று பின்பக்கமாகவே வந்து
மிருக வைத்தியசாலை வாசலை முட்டி நின்றது.
கதவைத் திறந்தால் ஐஸ், பாரைமீன் வாசம்,
நடுவில் சாக்கு விரித்து
ஒரு பொலிஸ் நாய்.

குச்சவெளியில் வள்ளம் சோதிக்கையில்
மீன் வெட்டுகிற கத்தியால் ஒரே குத்து.
ஓடியவனைத் துரத்தி ஜீப் போய்விட்டது.
அம்புலன்ஸுக்கு அடித்தால்
"நோயாளிக்கு வயது?" என்று கேட்டார்களாம்.
நாலு என்றிருக்கிறான் ஹேவகே.
"ஐயோ, பிள்ளையா?"
அதற்குமேல் பொய் சொல்ல வரவில்லையாம் அவனுக்கு.
அந்த நேரம் பார்த்து அந்த வழியால்
முபாறக் நானாவின் லொறி.

வலது விலாவில் காயம். அதன்மேல்
சோற்றுப் பார்சலின் லஞ்ச்சீற்,
மூன்று பக்கம் பிளாஸ்டர், ஒரு பக்கம் திறப்பு.
மூச்சு உள்ளே போகையில் ஒட்டிக்கொண்டது,
வெளியே வருகையில் படபடத்தது.
யார் ஒட்டினது?
"நான்தான் மிஸ். ஒருநாள் கிளாஸ் வச்சாங்க.
அரைவாசி நித்திரை."
மற்ற அரைவாசிதான்
இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியும்
போனியை உயிரோடு கொண்டுவந்திருக்கிறது.

வலியில் எந்த நாயும் கடவுளையே கடிக்கும்.
வாயைக் கட்டலாம் என்றால்
காற்றுக்குத் தவிக்கிறவளின் வாயை
எப்படிக் கட்ட?
தலையைப் பிடிக்க ஆள் வேண்டும்.
ஹேவகேயின் கைகள் நடுங்கின.
முபாறக் நானா சாரத்தை மடித்துக் கட்டினார்.
"நான் பிடிக்கிறன் மகள்.
பிறகு ஏழு தண்ணி ஊத்திக் கழுவினாச் சரி,
அதில ஒண்டு மண்ணோட."
எச்சில் அவர் முழங்கைவரை வழிந்தது.

முரசை அழுத்திவிட்டு எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
வெளுத்தது வெளுத்தபடி.
முன்காலில் நரம்பு தேடி சேலைன்.
விலா எலும்புகளில் விரலால் படியிறங்கி
எட்டாவது இடைவெளியில் ஊசி.
சிறிஞ்சை இழுக்கக் காற்று வந்தது,
அறுபது மில்லி. இன்னொரு அறுபது.
இருக்கக்கூடாத இடத்தில் குடியிருந்த காற்று.

ஒன்பதாம் தடவை இழுக்கையில்
ஹேவகே அவள் காதருகே குனிந்தான்:
"பய வென்ன எபா."

என் கை நின்றது.

பன்னிரண்டு வயதில், மட்டிக்களிச் சோதனைச்சாவடியில்,
வெள்ளைச் சட்டையோடு வரிசையில் நான்.
இப்படியொரு ஈர மூக்கு
புத்தகப்பைக்குள் புகுந்து
புட்டுப் பெட்டியில் தரித்து
என்னை நிமிர்ந்து பார்த்தது.
"பய வென்ன எபா, நங்கி."
பயப்படாதே என்பதற்குச் சிங்களம்
அன்றைக்குத்தான் படித்தேன்,
தொடை நடுங்க.
வீட்டுக்கு வந்து சட்டையைத் தோய்த்தேன்,
மூக்குப் பட்ட இடத்தை மட்டும்
இன்னொரு தரம்.

அந்த நாய்க்கு என்ன பெயரோ.
அதற்குக் காயம் வந்தபோது
யார் பார்த்தார்களோ.

பத்தாம் தடவை காற்று வரவில்லை.
இழுத்த பிஸ்டன் தானாக உள்ளே திரும்பியது.
"பயப்பிடாத" என்றேன்.
ஒரு காது மட்டும் என் பக்கம் அசைந்தது.

தையல் முடிய நாலரை.
ஹேவகே ஒரு படிவத்தை நீட்டினான்.
உடைமை இலக்கம். சேதத்தின் தன்மை.
திருத்தக்கூடியதா: ஆம், இல்லை.
"இதுக்கு என்ன எழுத, மிஸ்?"
இன்னும் ஆறு மணித்தியாலம் போகவேணும் என்றேன்.
அதை எழுத அங்கே கட்டம் இல்லை.
பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திவிட்டு
கூட்டின் பக்கத்தில், வெறுந்தரையில்,
சப்பாத்தோடு படுத்துக்கொண்டான்.

வெளியே இரண்டு புள்ளிமான்கள்
எங்கள் குப்பைத்தொட்டியைக் கிளறின.
குழாயடியில் முபாறக் நானா
சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்.
அஞ்சு.
உள்ளே போனி இருமினாள்.
ஈரக் கையோடு ஓடிவந்து யன்னலால் எட்டிப் பார்த்தார்.
மூச்சு இருக்கு என்று தலையாட்டினேன்.
திரும்பிப் போனவர்
குழாயைத் திறந்தபடி யோசித்தார்.

"மகள், நான் அஞ்சில நிண்டனா, ஆறிலயா?"

எனக்கும் தெரியவில்லை.
குனிந்து ஒரு பிடி மண் அள்ளி
முதலிலிருந்து தொடங்கினார்.