குட்டைக் கோதுமை

யாக்கி பள்ளத்தாக்கில் பிப்ரவரி.
வெயில் ஏறுமுன் எர்லிந்தா
முக்காலியை வரப்போரம் இழுத்துப் போடுகிறாள்.

வெடிக்காத கதிர் ஒன்று.
உமியின் நுனியைக் கத்தரியால் சீவிவிட்டு
இடுக்கியை உள்ளே நுழைக்கிறாள்.
பூவுக்கு மூன்று மகரந்தப் பை,
பச்சையாய் இருக்கும்போதே பறித்தாக வேண்டும்,
மஞ்சளானால் போச்சு.
தன்னைத் தானே மணந்துகொள்ளும் பயிர் இது.
அந்தக் கல்யாணத்தை நிறுத்தத்தான்
அவளுக்கு நாள்கூலி.

மூச்சடக்கி இருபது பூ.
மேலே காகித உறை, பென்சிலில் தேதி, ஓர் எண்.
மூன்றாம் நாள் வேறொரு கதிரைக் கொண்டுவந்து
உறைக்குள் விட்டுச் சுழற்றுவாள்
சீசா கழுவுகிற மாதிரி.

நெட்டைக் கோதுமைக்கு உரம் போட்டால்
தலை கனத்து
ஒரே மழையில் வயல் முழுக்கப் பாய் விரித்துப் படுத்துவிடும்.
குட்டை வேண்டும் என்றார்கள் நிலையத்தில்.
கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்பது
நம் பக்கத்துப் பேச்சு.
அவளுக்கு அது தெரியாது.
நம்புகிறாயா என்று அவளை யாரும் கேட்கவுமில்லை.

எத்தனையோ உறைகள் கிழிந்து
எத்தனையோ எண்கள் குப்பைக்குப் போய்
ஏழாம் வருடம்
இடுப்புக்குக் கீழேயே நின்றுவிட்டது வயல்.
காற்று வந்தது.
அசைந்தது.
விழவில்லை.

அவள் புருஷன் ஃபிதென்சியோ பச்சைமண் கல் அறுப்பவன்.
வைக்கோலை முழம் போட்டுப் பார்த்து
"இதைப் போட்டால் கல் வெடிக்குமே" என்றான்.
அறுவடை யந்திரம் கொட்டிய மூட்டைகளை மட்டும்
ஒன்றும் சொல்லாமல்
இரண்டு தரம் எண்ணினான்.

வாஇமாஸ் துறைமுகத்தில் விதை கப்பலேறியது.
கராச்சி என்று சாக்கில் எழுதியிருந்ததாம்,
எந்தத் திசை என்று கேட்டாள்,
சுமை தூக்கியவன் கடலைக் காட்டினான்.

அதே கடலுக்குத்தான்
உரம் குடித்த மிச்சத் தண்ணீரும்
வாய்க்கால் வாய்க்காலாகப் போகிறது.
தண்ணீர் விட்ட வாரங்களில்
கரையோரம் பச்சை பூக்கிறது.
இறால் பிடிக்கும் கொழுந்தன்
வலையை உதறியபடி அவளைப் பார்க்கிறான்,
அவள்தான் ஊற்றினாள் என்பது போல.
முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

இப்போது கண் மங்கல்.
நூல் கோக்க வராத விரல்கள்
சும்மா இருக்கையிலும்
எதையோ மூன்று மூன்றாகப் பறிக்கின்றன.

ஞாயிறு பூசையில்
நாக்கில் வந்து ஒட்டுகிறது வெள்ளை அப்பம்.
எந்த எண்ணாக இருக்கும் என்று
யோசிப்பதற்குள்
கரைந்துவிட்டது.