இரண்டு கால்

காலை ஐந்து நாற்பதுக்கு
என் போன் ஒருமுறை அடித்து அடங்கும்.
எடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

செவ்வாய்ப்பேட்டையில் பிலோமினா
செருப்பை மாட்டிவிட்டார் என்று அர்த்தம்.
கன்னங்குறிச்சியிலிருந்து நானும் ஒன்று விடுவேன்.
அவர் பால் பூத் வரைக்கும் போய் வருவார்.
நான் மூக்கனேரிக் கரையில்.
ஒருவர் நடப்பதை ஒருவர் பார்த்ததே இல்லை.

பெரியாஸ்பத்திரி வரிசையில் பழக்கம்.
எனக்கு நுரையீரல்.
அவருக்கு மூட்டுவாதம்,
கொலுசு வளையம் கோக்கிற விரல்களில் தொடங்கி
முட்டிக்கு இறங்கி வந்தது.
இருபத்தாறு வருசம் ஏற்காடு பஸ்ஸில் விசில் ஊதியவன் நான்.
இப்போது ஒரு மெழுகுவர்த்தி அணைக்க
இரண்டு தவணை வேண்டும்.

தினமும் நடங்க என்று எல்லோரும் சொன்னார்கள்.
சீட்டிலும் எழுதினார்கள்.
மாத்திரை வாங்கச் சீட்டு போதும்,
நடைக்குப் போதவில்லை.
பிசியோதெரபி அறையில் ஷர்மிளா மட்டும்தான் கேட்டார்,
"நடக்கலைன்னா யாருக்குப் பதில் சொல்வீங்க?"
யோசித்துக்கொண்டே திரும்பினேன்.
"நம்பர் சொல்லுங்க" என்றது
பக்கத்து நாற்காலி.

தூரத்தை நான் வளைவில் அளக்கிறவன்.
மலைக்கு இருபது கொண்டை ஊசி.
ஏரிக்கரைக்கும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டேன்.
முதல் வாரம் இரண்டாவது வளைவிலேயே,
அதாவது நாலாவது புங்கமரத்தில்,
வண்டி படுத்துவிட்டது.
ஆடி முடிவதற்குள் ஏழாவது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.
சேர்வராயன் எந்தப் பக்கம் என்றே தெரியாத ஒரு காலையில்
நெஞ்சுக்குள் நனைந்த சாக்கு.
போன் அடித்து அடங்கியது.
போர்வைக்குள் இருந்தபடியே பதில் விட்டேன்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
மிஸ்டு காலுக்குக் காசில்லை,
பொய்க்கும் இல்லை.

நாலாம் நாள் மனசு கேட்காமல்
எடுத்துவிட்டேன்.
"நான் நடக்கலைங்க. திங்கள்கிழமையிலிருந்து."
அந்தப் பக்கம் பேச்சில்லை.
மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்.
தெருவில் ஏது மின்விசிறி?
"நானுந்தாங்க," என்றார் பிலோமினா.
"சனிக்கிழமையிலிருந்து."

சிரித்ததில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது.
அடங்கும்வரை
அவர் போனை வைக்கவில்லை.

அன்றைக்குப் புதுசாய் ஒரு விதி போட்டோம்.
ஒரு கால் வந்தால் நடை.
இரண்டு கால் வந்தால், இன்று ஆகாது,
கேட் வரைக்கும் போய்
தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வருகிறேன் என்று அர்த்தம்.
தூக்க வேண்டாம். தொட்டாலே கணக்கில் சேரும்.
ஒரு காலுக்கு நடப்பதும்
இரண்டு காலுக்கு நிற்பதுமாக
ஊரிலேயே நாங்கள்தான் இருப்போம்.

ஷர்மிளாவிடம் சொன்னபோது திட்டுவார் என்று பயந்தோம்.
அந்த மாதத்து அட்டையில்
வெறுமையாய்க் கிடந்த ஆறு கட்டங்களை
அவரே பேனாவால் சுழித்தார்.
"இதுல எத்தனை கேட்?" என்றார்.

இன்று இரண்டு அடித்தது.
மழை விட்டிருந்தது.
ஒன்பதாவது வளைவில் மரத்தைப் பிடித்து நின்று
மூச்சை உள்ளே வரச் சொல்லிக் காத்திருந்தேன்.
செவ்வாய்ப்பேட்டையில் இந்நேரம்
மடங்காத விரல் ஒன்று
ஈர இரும்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கும்.

பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்தம்,
இரண்டு என்றால் கிளம்பு.
இத்தனை நாள்
எங்கள் விதி தலைகீழ் என்று நினைத்திருந்தேன்.