வாயசைவு

வண்ணார்பேட்டையில் டயர்க்கடைக்கு மேலே
முட்டை அட்டை ஒட்டிய ஜன்னலில்லா அறை.
ஒரு மைக்.
பேச ஆரம்பித்தால் அணைத்துவிட வேண்டிய ஒரு ஃபேன்.
ஆறு மாதமாக அங்கிருந்துதான்
விண்மீன் மண்டலங்களுக்குத் தமிழ் எழுதுகிறேன்,
பாகத்துக்கு நானூறு ரூபாய்.

அர்த்தம் அப்புறம், என்பார் முதலாளி,
உதடு ஒட்டுகிற இடத்தில்
ஒரு ப-வோ ம-வோ விழுந்தால் போதும்.

நாயகன் துருவனுக்கு வயது பன்னிரண்டு.
அவன் குரல் பேராச்சி. மூன்று பிள்ளைக்காரி,
பகலெல்லாம் புது பஸ் ஸ்டாண்டில்
கடையம், பாவூர்சத்திரம், பாபநாசமென்று
வண்டிகளை ஒலிபெருக்கியில் அனுப்பிவைப்பவள்.
வில்லன் கிராக்கோவுக்கு மூன்று வாய்:
நடுவாய் பேசும், ஓரத்து இரண்டும் சிரிக்கும்.
மூன்றுக்கும் ஜெபசிங்,
ஞாயிறானால் பாளையங்கோட்டைப் பாடகர் குழுவில்
கடைசி வரிசைக் கட்டைக்குரல்.

இரண்டு பேருக்கும் பேச்சில்லை.
அவர் நடத்திய சீட்டு பதினேழாம் தவணையோடு படுத்துவிட்டது;
அவளுக்கு வரவேண்டியது நாற்பத்திரண்டாயிரம்.
அவள் நாலு மணிக்கு வருவாள், அவர் ஆறுக்கு.
படியில் எதிர்ப்பட்டுவிட்டால்
ஒருவராவது கீழே டயர்களை எண்ணிக்கொண்டு நிற்பார்.
பதினெட்டு பாகமும் அப்படித்தான் போர் நடந்தது.
அவள் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்
குக்கர் வைத்த பிறகுதான்
அவர் வந்து குண்டடி பட்டுக் கத்துவார்.

பத்தொன்பதில் இருவர் கப்பலும் உடைந்தது.
எதிரே கருந்துளை. மிச்சம் ஒரே ஆக்சிஜன் குப்பி,
ஒரு மூச்சு அவனுக்கு, ஒரு மூச்சு இவனுக்கு.

அன்றைக்கென்று பார்த்து
ஐந்து மணிக்கு மின்தடை என்று குறுஞ்செய்தி.
"சேர்ந்து நின்னே முடிச்சிருங்க" என்றார் முதலாளி
யார் முகத்தையும் பார்க்காமல்.

மைக்குக்கு இந்தப் பக்கம் அவள்.
அந்தப் பக்கம் அவர். நடுவில் ஒரு முழம் வெக்கை.

என் காகிதத்தில் ஓரிடம் மட்டும் வெற்றாக இருந்தது.
பையன் கை நீட்டுகிறான்,
வாய் அகலத் திறந்து பாதியில் நிற்கிறது.
அவ்வளவுதான் இடம்.
'உடன்படிக்கை' போட்டுப் பார்த்தேன்,
வாய் நின்ற பிறகும் நாலெழுத்து வெளியே தொங்கியது.
'நண்பா' என்று எழுதிக் கொடுத்தேன்.
"இந்த வாயால அதச் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."
'சமாதானம்' என்றதற்கு ஜெபசிங் இருமினார்.
மணி நாலே முக்கால்.

மைக் திறந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.
படம் பாட்டுக்கு ஓட, பையன் மறுபடி கை நீட்டினான்.
பேராச்சி பார்த்தது திரையையா அவரையா
எனக்குத் தெரியாது.
"ஏல" என்றாள்.

அச்சாகப் பொருந்தியது.
எங்கள் ஊரில் கம்பை ஓங்கும்போதும் அந்தச் சொல்தான்,
சாப்பிட்டியா என்பதற்கு முன்னாலும் அதுதான்.
எது என்று
கேட்கிறவன் பாடு.

திரையில் மூன்று வாயும் மூடியிருந்தன.
ஜெபசிங் ஒரு நொடி எடுத்துக்கொண்டார்,
நான் எழுதாத நொடி.
பிறகு, "சொல்லு."

அப்புறம் வசனமே இல்லை. இருபது விநாடி
இரண்டு பேர் மாறி மாறி மூச்சுவிட்டார்கள்.
கரண்ட் போனது.

இருட்டில் ஏதோ சரசரத்தது.
செல்போன் வெளிச்சம் வந்தபோது
மைக் ஸ்டாண்டின் காலடியில் நாலு ஐநூறு ரூபாய்த் தாள்.
கையில் கொடுக்கவில்லை, வைத்திருந்தார்.
அவள் குனிந்து எடுத்து இரண்டுமுறை எண்ணினாள்.
"மிச்சம் நாப்பதாயிரம்."
"தெரியும்லா" என்றது கட்டைக்குரல்,
ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டு.

நானும் அவளும் கடைசியாக இறங்கினோம்.
"அண்ணாச்சி, அடுத்ததுல அவன்
காட்டிக் குடுத்துருவானோ?"

இருபதாம் பாகம் என் பைக்குள் இருந்தது.
முந்தின ராத்திரியே பார்த்து
பாதி எழுதியும் முடித்திருந்தேன்.

"இன்னும் படம் வரல" என்றேன்.