பின்விளக்கு

பர்லியாறு செக்போஸ்ட்டில் மறித்தார்கள்.
பின்விளக்கு எரியவில்லை. தப்பு என்னுடையதுதான்.
கேரட் வாடை ஏறிய இருநூறு ரூபாயை
வழக்கம்போல மடித்து நீட்டினேன்.

"உள்ள வைங்க, ஹாலன்."
லைசென்ஸைப் பார்த்துப் பேர் சொன்னார் அந்த எஸ்.ஐ.
'டேய்' இல்லை.
நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு
ஐந்நூறுதான் என்றார். ரசீது கொடுத்தார்.
மேட்டுப்பாளையம் வரை திட்டிக்கொண்டே இறங்கினேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி,
ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவு,
நீட்டிய கை தெரியாத மேகம்.
பைக்கை அடித்துப்போட்டு ஒரு கார் நிற்காமல் போனது.
சாட்சிக்கு யார் அலைவது என்று
எத்தனை முறை முகம் திருப்பிக் கடந்திருக்கிறேன்.

விழுந்தவனுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினேன்,
சிவப்பு எரிய.
நூறுக்கு அடித்தேன். கார் நம்பர் சொன்னேன்.
பேர் கேட்டார்கள்.
அப்பா பேரையும் சேர்த்தே சொன்னேன்.