ஒப்பிடுக: பத்து மதிப்பெண்

தாளின் நடுவில் கோடு போட்டாயிற்று.
இடப்பக்கம் தாசில் கச்சேரிக்குப் போன அறிக்கை,
பசலி ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு:
"கீழமடையில் பாய்ச்சலுக்குக் குறைவில்லை."
வலப்பக்கம் அதே மாசத்து மனு:
"கீழமடை அடைபட்டு முப்பது நாளாச்சுது,
துரையவர்கள் கிருபை செய்ய வேணும்."

ஒற்றுமை என்று எழுதி முக்காற்புள்ளி வைத்தவள்தான்.
மேலூர் பஸ் ஒத்தக்கடை தாண்டியும்
ஒன்றும் ஓடவில்லை.
ஒன்று பொய், ஒன்று மெய் என்று வைத்துக்கொண்டால்
தெற்குத்தெரு வருவதற்குள் கட்டுரை முடிந்துவிடும்.

வெள்ளரிப்பட்டி வேகத்தடையில்
நகல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரிய,
கண்ணில் பட்டது ழகரத்தின் வால்.
இதிலும் அதிலும்
அவசரமாய் முடிந்த குடுமிபோல் சுழித்து
அடுத்த எழுத்தை இடிக்கிறது.

ஒரே கை.
குறைவில்லை என்று எழுதிய கணக்குப்பிள்ளைதான்
அடைபட்டது என்றும் எழுதியிருக்கிறார்.
எது கூலிக்கு, எது பயந்து, எது மனசறிந்து?
மை சொல்லவில்லை.
நான் சொன்னால் அது சான்றல்ல.

மனுவின் அடியில் ஒன்பது கலப்பைக் கீறல்.
எதிரே உள்ள பெயர்கள் அவர் எழுதியவை.
கீறல் மட்டும் அவருடையதில்லை.
ஒரு கலப்பைக்கு மேழி கிடையாது.
ஒன்று மல்லாந்து கிடக்கிறது.
ஏழாவது, சோணைமுத்தன் என்ற பெயருக்கு நேராக,
தாளைக் கிழித்திருக்கிறது;
ஜெராக்ஸில் அந்தக் கிழிசல்
கறுப்பாய் விழுந்திருக்கிறது.

மூன்றாவது பத்திக்குத் தாளில் இடமில்லை.
ஓரத்தில் ஒடுக்கி எழுதினேன்:
ஏழாவது கை அழுத்தியிருக்கிறது.
ஏனென்றால்,
என்று தொடங்கி
அடித்தேன்.

மேலூர் எல்லாம் இறங்கு.