ஓட்டுத் துண்டு

வேதாளைக் கம்பெனியில் இரண்டு வெளிச்சம்.
கீழ்த்தளத்தில் நீலம்.
நண்டுச் சதையைத் தட்டில் பரப்பி அதனடியில் நீட்டினால்
நகத்துணுக்கு அளவு ஓடும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.
செசிலி ஒரு நாளைக்குப் பதினோரு கிலோ பார்ப்பாள்.
ஒரு துணுக்கு தப்பினாலும்
கடல் தாண்டி யார் பல்லிலோ கடிபடும்,
கன்டெய்னர் திரும்பி வரும்,
கூலியில் பிடிப்பார்கள்.

மாடியில் என் மேசை, சாதா டியூப்லைட்.
ஏற்றுமதி ஆவணங்கள்.
நானும் ஓடு பார்க்கிறவன்தான்.

புதிதாக ஒருவர் வாங்க வந்திருக்கிறார்.
வளைகுடாவில் ஒரு கட்டடம், பதினான்காம் மாடி, ஒரே அறை,
அதே அறையில் இன்னும் அறுபத்திரண்டு கம்பெனிகள்.
நாற்காலி ஒன்று இருந்தால் அதிகம்.
ஷெல் கம்பெனி என்பார்கள்.
ஷெல் என்றால் ஓடு.
உள்ளே நண்டு இருக்காது.
பிறந்து எட்டு மாதம்தான் ஆகிறது,
மூன்று கன்டெய்னர் கேட்கிறது,
விலை பேசவே இல்லை.
விலை பேசாதவனை எங்கள் ஏலக்கூடத்தில்
நாய்கூட நம்பாது.

சரிபார்க்கும் மென்பொருளில் பெயரைப் போட்டேன்.
பச்சை.

வழக்கம்போல் மற்றவர்களையும் போட்டேன்.
தொண்டியிலிருந்து நண்டு அனுப்பும் செய்யது அபூதாகிர்:
சிவப்பு.
எந்தப் பாலைவனத்திலோ ஆயுதம் விற்ற ஒருவனோடு
எண்பத்து நான்கு விழுக்காடு பொருத்தம்.
போன் செய்தேன்.
"பொருத்தமெல்லாம் நாங்க பாக்குறதில்லையே தம்பி"
என்று சிரித்தார்.
சிரித்துக்கொண்டே ஆதார், பாஸ்போர்ட்,
அத்தாவுக்கு அத்தா பெயர் வரை அனுப்பினார்.
பிறகுதான் குரல் இறங்கியது.
"இருவது வருசமா உங்களுக்குத்தான் தர்றேன்."
அதை எழுதப் பாரத்தில் கட்டம் இல்லை.

நடுவில் ஓர் ஆலோசகர்.
அந்தத் துறைமுகத்தில் சுகாதாரச் சான்று
மற்றவர்களுக்கு நாற்பது நாள், இவர் மூலம் நான்கு.
ஏழு விழுக்காடு, மூன்றாவதாக ஒரு தேசத்து வங்கியில்.
முதலாளி நைனா மரைக்காயர் சொன்னார்:
"சந்தனக்கூடு அன்னிக்கு ஏர்வாடியில
வண்டி நிறுத்த இடம் புடிச்சுத் தர்றவனுக்குக் காசு குடுக்கலையா?
அது மாதிரி."
அது மாதிரி இல்லை என்று சொல்ல
அரை மணி நேரம் தேடினேன்:
சான்றில் கையெழுத்திடும் அதிகாரி
ஆலோசகரின் மைத்துனர்.
முதலாளி காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.
"கச்சான் காத்து ஆரம்பிச்சிருச்சு,
அடுத்த மாசம் கூலிக்கு நீ தர்றியா?"

கப்பலையும் பார்த்தேன்.
போன பயணத்தில் ஆறு நாள் வரைபடத்திலேயே இல்லை.
சிக்னல் கோளாறு என்று எழுதியிருந்தார்கள்,
மண்டபத்துக்காரனிடம்.
கோட்டருகே விளக்கை அணைக்கிற போட்
ஏன் அணைக்கிறது என்று
எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.
ஆனால் இறாலுக்குப் போனவன் பிடிபட்டால்
அவனேதான் சிறைக்குப் போவான்.
இந்தக் கப்பலில் யாரும் பிடிபடப் போவதில்லை.
பிடிபடுவது காகிதத்தின் அடியிலிருக்கும் கையெழுத்து.
என்னுடையது.

கடைசிக் கட்டம்:
சரக்கு இறுதியில் யாரிடம் சேரும்?
அந்த அறையைத் தாண்டி, அந்த ஆறு நாள் இருட்டைத் தாண்டி,
வியாபாரமே கூடாது என்று பட்டியலிட்ட நாட்டில்
யார் வீட்டு விருந்துக்கு?
"தெரியவில்லை" என்று அடித்தேன்.
இந்த விடை ஏற்கப்படாது என்றது திரை.
மறுபடியும் அதையே அடித்தேன்.

மூன்று கன்டெய்னரும் போனது,
எங்களிடமிருந்து அல்ல,
நாலு காம்பவுண்டு தள்ளி.

திங்கட்கிழமை முதல் கீழே ஒரே ஷிப்டு.
கேட்டருகே செசிலி, "ஏன் சார், நண்டு வரலையா?" என்றாள்.
செருப்பை மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

வாசலில் தொண்டி வண்டி நிற்கிறது,
ஐஸ் தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடிவிட்டது.
மூன்று நாளாகத் திரையில்
செய்யது அபூதாகிர்:
பரிசீலனையில்.